சால்ட் லேக்கின் தாடியும் பெங்களூரின் மீசையும்

வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை. இந்தக் கோலத்தில் இருவர் இருவராகத் தெருவில் நடந்து செல்லும் இளைஞர்களைப் பெங்களூர்வாசிகளில் சிலரேனும் கண்டிருப்பர். உலகம் மார்மன்கள் என்றழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்த ஊழியர்கள் அவர்கள். (மார்மன் என்னும் பெயரைத் தவிர்க்குமாறு அச்சபையின் தலைவர் ரசல் நெல்சன் 2018இல் கேட்டுக்கொண்டார், பழகிய பெயர் எளிதில் மறைவதில்லை.) இருபது வயதை ஒட்டிய அந்த இளைஞர்கள் ஈராண்டுக் காலம் வீட்டை விட்டு விலகி ஊழியம் செய்ய வேண்டும். அமெரிக்கரும் அவர்களுள் உண்டு, இந்தியரும் உண்டு. இரு சாராருக்கும் முகம் ஒன்றுபோலவே இருக்கும்: தாடியும் இல்லை, மீசையும் இல்லை. முகம் மழித்திருக்க வேண்டும் என்பது ஊழியக் காலத்து விதி.

இந்த விதி எந்த மறைநூலிலிருந்தும் வந்ததன்று. அச்சபையின் வரலாற்றில் பெரும் பகுதி தாடியின் வரலாறாகவே இருந்தது.

1830இல் நியூயார்க் மாநிலத்தில் சபை தோன்றியதிலிருந்து இன்றுவரை அதற்குப் பதினெண்மர் தலைவர்களாக இருந்துள்ளனர். அவர்களுடைய உருவப்படங்களை வரிசையாக மாட்டிப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கும். முதல்வரான ஜோசப் ஸ்மித்துக்குத் தாடி இல்லை. அடுத்து வந்த பிரிகாம் யங் முதல் 1951இல் மறைந்த ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் வரை எழுவரும் தாடி வைத்தவர்கள். 1951இல் பொறுப்பேற்ற டேவிட் மெக்கே தொடங்கி இன்றைய தலைவர் டாலின் ஓக்ஸ் வரை பதின்மரும் முகம் மழித்தவர்கள். தாடியிலிருந்து மழித்த முகத்துக்கு ஒரே பதவி மாற்றத்தில் சபை கடந்து சென்றதுபோல அந்த வரிசை காட்டும். உண்மையில் மாற்றம் அவ்வளவு திடீரென்று நிகழவில்லை.

ஜோசப் ஸ்மித் காலத்து அமெரிக்காவில் மரியாதைக்குரிய ஆடவர் முகம் மழித்தே இருந்தனர். 1844இல் அவர் கொல்லப்பட்ட பின், யங்கின் தலைமையில் மார்மன்கள் மேற்கே பாலைநிலம் நோக்கிப் பெயர்ந்தனர். 1847இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தனர். யங்கின் தொடக்ககாலப் படங்களில் தாடி இல்லை, பிற்காலப் படங்களில் உண்டு. பாலைநில வாழ்க்கை மட்டுமே அதற்குக் காரணம் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலம் பேசும் உலகம் முழுவதிலும் தாடி ஓர் அலையாகப் பரவியது. 1861இல் குடியரசுத் தலைவரான ஆபிரகாம் லிங்கன்தான் அப்பதவியில் தாடியோடு அமர்ந்த முதல்வர். மார்மன்கள் அந்த அலையில் சேர்ந்துகொண்டார்கள், அவ்வளவே. ஆரின் போர்ட்டர் ராக்வெல் என்னும் முரட்டு மெய்க்காவலர் பற்றி மட்டும் ஒரு கதை வழங்கிவருகிறது: முடியை வெட்டாதவரை உன்னைத் துப்பாக்கியோ கத்தியோ தீண்டாது என்று ஜோசப் ஸ்மித் அவருக்கு வாக்களித்தாராம். விவிலியத்துச் சிம்சோனின் நிழல் அக்கதையில் தெளிவாகவே தெரிகிறது.

தாடிக்கு அரசியல் பொருள் ஏறியது பலதார மணத்தால். 1852 ஆகஸ்டில் சால்ட் லேக் நகரில் கூடிய மாநாட்டில்தான் பலதார மணம் சபையின் கொள்கை என்று வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. அதே மாநாடுதான் இந்தியாவுக்கும் ஊழியர்களை அனுப்பியது. அவர்களுள் ஒருவரான ரிச்சர்ட் பாலன்டைன் 1853 ஜூலையில் சென்னையில் கரையிறங்கினார். மறு ஆண்டில் அங்கிருந்தே ஓர் இதழும் வெளியிட்டார். ஆனால் பலதார மணச் செய்தி அவர்களைப் பின்தொடர்ந்து இந்தியக் கரைக்கும் வந்து சேர்ந்தது. ஆங்கிலேயர் வீடுகளின் கதவுகள் மூடிக்கொண்டன. 1856ஐ ஒட்டி அந்த முயற்சி அடங்கிப்போனது.

அமெரிக்காவில் நிலைமை அதைவிடக் கடுமையாக இருந்தது. கேலிச்சித்திரக்காரர்கள் மார்மன் ஆடவரை வரையும்போதெல்லாம் நெடுந்தாடி ஒன்றையும் சுற்றி நிற்கும் மனைவியர் கூட்டத்தையும் வரைந்தனர். 1882இல் எட்மண்ட்ஸ் சட்டம் வந்தபின் நூற்றுக்கணக்கான மார்மன் ஆடவர் சிறை சென்றனர். சபையின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான ஜார்ஜ் கேனன், 1888இல் கோடுபோட்ட சிறையுடை அணிந்து, சக கைதிகள் சூழ, பூங்கொத்துகளுக்கு நடுவே அமர்ந்திருக்கும் புகைப்படம் புகழ்பெற்றது. தாடி அன்று கலகக்காரரின் அடையாளமாகப் பார்க்கப்பட்டது என்றால், அந்தக் கலகக்காரர்கள் மார்மன் தலைவர்களே. பின்னர் நடந்ததைப் புரிந்துகொள்ள இது நினைவில் இருக்க வேண்டும்.

1890இல் பலதார மணத்தைக் கைவிடுவதாகத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் அறிவித்தார். 1896இல் யூட்டா ஒரு மாநிலமாக ஏற்கப்பட்டது. அதன் பிறகும் ஐயம் தீரவில்லை. மார்மன் தலைவருள் ஒருவரான ரீட் ஸ்மூட் செனட்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அவரை அமரவிடலாமா என்று 1904 முதல் 1907 வரை செனட் விசாரித்தது. அன்றைய சபைத் தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித் வாஷிங்டனில் சாட்சியம் அளித்தார். நெஞ்சில் படரும் அவருடைய வெண்தாடி, கேலிச்சித்திரங்களுக்கென்றே அமைந்ததுபோல இருந்தது. அதே 1904இல் ஜில்லெட்டின் பாதுகாப்புச் சவரக்கத்திக்குக் காப்புரிமை கிடைத்தது என்பது தற்செயல்தான். ஆயினும் அடுத்த அரை நூற்றாண்டின் திசையை அது சுட்டுகிறது. முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்க அலுவலகங்களிலும் வங்கிகளிலும் தாடி அருகிப்போனது. நாட்டின் நம்பிக்கையைப் பெறத் துடித்த மார்மன்களின் இளைய தலைமுறை, அந்நாட்டின் முகத்தையே தன் முகமாக ஏற்றது. அதற்கு எந்த ஆணையும் தேவைப்படவில்லை. முதிய தலைவர்கள் தங்கள் தாடியோடு மறைந்தனர், அவர்களுக்குப் பின் வந்தவர்கள் மழித்த முகத்தோடு வந்தனர்.

ஆகவே 1951இல் கைமாறியது வழக்கம் மட்டுமே. வழக்கம் விதியானது 1960களில்தான்.

வியட்நாம் போர் எதிர்ப்பும் மாணவர் கிளர்ச்சியும் ஹிப்பி இயக்கமும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைக் குலுக்கிய காலம் அது. சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்கு 1951 முதல் 1971 வரை தலைவராக இருந்தவர் எர்னஸ்ட் வில்கின்சன். அரசியலில் பழமைவாதி, மாணவர் கட்டுப்பாட்டில் கண்டிப்பானவர். அவர் காலத்தின் இறுதியில் தாடிக்குத் தடை வந்தது. அவருக்குப் பின் 1971இல் பொறுப்பேற்றவர் டாலின் ஓக்ஸ், சட்டப் பேராசிரியர். தடை ஏன் என்று அவர் அந்த ஆண்டே மாணவர்களுக்கு விளக்கினார். சபையின் இளைஞர் இதழ் அவ்வுரையை டிசம்பரில் வெளியிட்டது.

அவ்விளக்கத்தின் நேர்மை இன்று படிக்கும்போதும் மதிக்கத்தக்கது. தாடியில் இயல்பாகவே பாவம் எதுவும் இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். காலியான மதுப்புட்டியை வைத்திருப்பதும் பாவமன்று, ஆனால் அதை வைத்திருப்பவரை உலகம் தவறாக எண்ணும். இன்றைய தாடியும் அத்தகையதே என்று ஓர் உவமை சொன்னார். அந்நாளில் தாடியும் நெடுமுடியும் அதிகாரத்துக்கு எதிரான கலகத்தோடும் போதைப் பழக்கத்தோடும் இணைத்துப் பார்க்கப்பட்டன, அதனால்தான் தடை. காலம் மாறினால் இவ்விதிகளும் மாறக்கூடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஒரு மதநிறுவனம் தன் விதி ஒன்றைக் காலத்தால் கட்டுண்டது என்று அறிவித்துக்கொண்டே விதித்த இத்தகைய தருணங்கள் அரியவை.

ஆனால் காலம் மாறியது, விதி மாறவில்லை. 1980களில் தாடியைக் கண்டு யாரும் புரட்சியை நினைக்கவில்லை. 2010களில் அது கணினி நிறுவன ஊழியரின் சாதாரண முகம். பல்கலைக்கழகத்திலோ தடை நீடித்தது. பிரிகாம் யங்கே இன்று வந்தால் தன் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தில் தன்னால் படிக்க இயலாது என்பது மாணவரிடையே பழைய நகைச்சுவை. சபையின் திரைப்படங்களில் விவிலியப் பாத்திரங்களாக நடிப்பவர்கள் தாடி வளர்த்தாக வேண்டும். ஆகவே நடிப்புக்கு விலக்கு உண்டு. சபையின் கட்டிடங்களில் மாட்டியிருக்கும் இயேசுவின் படங்களில் தாடி இருப்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. 2014இல் மாணவர்கள் சிலர் புரோவோ நகரில் தாடிக்காக மிதிவண்டி ஊர்வலம் நடத்தினர். 2015 தொடக்கத்தில் பல்கலைக்கழகம் மூன்று விலக்குகளைத் தெளிவுபடுத்தியது: தோல்நோய், நாடகம், சமயம். 2023இல் விதிகள் திருத்தி எழுதப்பட்டபோதும் மாணவர்களுக்கு மீசை மட்டுமே அனுமதி, தாடிக்கு இல்லை. 1971இல் அந்த விளக்கத்தை அளித்த ஓக்ஸ் 2025 அக்டோபரில் சபையின் பதினெட்டாம் தலைவரானார்.

சாதாரண உறுப்பினர் தாடி வைப்பதைச் சபை தடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எழுதிய விதி மாணவருக்கும் ஊழியருக்குமே. ஆயினும் பொறுப்புகளுக்கு உயர்பவர்கள் தாமாகவே மழித்துக்கொள்வது யூட்டாவில் நெடுநாள் வழக்கம். எழுதாத விதிக்குத்தான் ஆயுள் அதிகம்.

இனி இந்த முகம் இந்தியாவுக்கு வந்த வரலாறு. 1850களின் தோல்விக்குப் பின் நூறாண்டுகள் கழித்து, கோயம்புத்தூரைச் சேர்ந்த பால் திருத்துவதாஸ் துண்டுப்பிரசுரம் ஒன்றின் வழியே இச்சபையை அறிந்து, கடிதத் தொடர்பு கொண்டு, 1960களின் நடுவில் திருமுழுக்குப் பெற்றார். மார்மன் நூலின் தேர்ந்த பகுதிகள் 1982இல் தமிழில் வந்ததில் அவருக்குப் பங்குண்டு. 1978இல் எட்வின், எல்சி தர்மராஜு இணையர் ஐதராபாத்தில் தம் உறவினரிடையே ஊழியம் தொடங்கினர். 1993 ஜனவரியில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியாவுக்கெனத் தனி ஊழிய மண்டலம் அமைந்தது. அதன் முதல் தலைவர் குர்சரண் சிங் கில்.

கில் பஞ்சாபின் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். படிக்கச் சென்ற கலிபோர்னியாவில் 1956இல் சபையில் சேர்ந்தார். பின்னர் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். அவர் பிறந்த சமயத்தில் வெட்டாத முடி ஐந்து புனித அடையாளங்களுள் முதலாவது. அவர் தலைமையேற்ற ஊழியத்திலோ மழித்த முகம் கட்டாயம். சபையின் இரு முனைகளையும் ஒருவர் தம் வாழ்நாளிலேயே கடந்து வந்திருக்கிறார். 2015இன் சமய விலக்கை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். அதன்படி மார்மன் பல்கலைக்கழகத்தில் படிக்கும் சீக்கிய மாணவர் தாடியோடு படிக்கலாம். அவர் மார்மனாக மாறிவிட்டால் அந்த உரிமை போய்விடும். (இந்திய விமானப்படையிலும் இதையொத்த கணக்கு உண்டு: முடி வெட்டுவதைச் சமயமே தடைசெய்தவர்களுக்கு மட்டும் விலக்கு என்னும் விதியை உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உறுதிசெய்தது. முஸ்லிம் வீரர் ஒருவர் தாடிக்காகத் தொடுத்த வழக்கு அது.)

பெங்களூருக்கு முகமயிர் பற்றிய ஆணைகள் புதியவை அல்ல. 1805 நவம்பரில் சென்னைப் படையின் தளபதி ஜான் கிரடாக், சிப்பாய்கள் தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவில் வைக்க வேண்டும், அணிவகுப்பில் சமயக் குறிகள் கூடாது, புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்றெல்லாம் ஆணையிட்டார். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் வெடித்த எழுச்சியின் காரணங்களுள் அவ்வாணையும் ஒன்று. கிரடாக்கும் ஆளுநர் பென்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். மூன்று ஆண்டுகளில், 1809இல், பெங்களூர்க் கன்டோன்மென்ட் உருவானது. அப்படையோடும் படைக்குப் பணி செய்யவும் ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து வந்த தமிழர்களே அல்சூரிலும் இன்றைய சிவாஜிநகரிலும் குடியேறினர். நூற்றாண்டின் பிற்பகுதியில் காற்று எதிர்த்திசையில் வீசியது: பிரிட்டிஷ் ராணுவ வீரர் மேலுதட்டை மழிக்கக்கூடாது என்பதே விதியாயிற்று, 1916 வரை அது நீடித்தது. ஒரே பேரரசின் ராணுவம், ஒரு நூற்றாண்டுக்குள் ஒருமுறை மழி என்றது, ஒருமுறை வளர் என்றது.

கிறிஸ்தவ ஊழியரின் முகமும் இந்நகருக்குத் தாடியோடுதான் அறிமுகமானது. திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி. யு. போப் 1871 முதல் பத்தாண்டுக்கு மேல் பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியின் பொறுப்பில் இருந்தவர். அவருடைய அடர்ந்த வெண்தாடியைச் சென்னைக் கடற்கரைச் சிலையிலும் காணலாம்.

இப்படிப்பட்ட நகரில் மழித்த முகம் எதைச் சொல்லும்? யூட்டாவில் அது ஒழுங்கையும் கீழ்ப்படிதலையும் சொல்லும். தமிழர் குடும்பங்களில் வளர்ந்த இளைஞன் ஒருநாள் மீசையை மழித்து வந்து நின்றால், தெருவிலுள்ளோர் முதலில் கேட்பது வீட்டில் துக்கமா என்பதே. தந்தையின் கருமாதியில் மீசை எடுப்பது இம்மண்ணின் வழக்கம். ஓக்ஸின் உவமையை அப்படியே திருப்பிப் போட்டுப் பார்க்கலாம்: உலகம் தவறாக எண்ணும் என்பதே காரணமானால், இங்கே தவறாக எண்ணப்படுவது மீசையற்ற முகமே.

இதைவிட ஆழமான ஒன்றும் உண்டு. இந்தியாவின் பல பகுதிகளில் மீசை ஆதிக்கச் சாதியினரின் உரிமையாகக் கருதப்பட்டது. 2017இல் குஜராத்தில் மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்ட செய்தியும், அதற்கு மறுமொழியாக நூற்றுக்கணக்கானோர் முறுக்கிய மீசையோடு தம் படங்களைப் பகிர்ந்ததும் நினைவிருக்கலாம். இந்தியக் கிறிஸ்தவர்களில் பெரும் பங்கினர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். போராடிப் பெற்ற மீசையை மழிக்கச் சொல்லும் ஆணை அவர்கள் காதில் எப்படி ஒலிக்கும் என்பதை 1971இல் யூட்டாவில் அமர்ந்து விதியை விளக்கியவர் எண்ணியிருக்க வாய்ப்பே இல்லை. அதே வேளை, எல்லாரும் ஒரே முகத்தோடு நிற்கும்போது சாதி அடையாளமும் மங்குகிறது என்று வாதிடுவோரும் இருக்கலாம். அவ்வாதத்தை முற்றிலும் தள்ளிவிட இயலாது. ஆனால் ஒரே முகம் யாருடைய முகம் என்ற கேள்வி அதனால் தீர்வதில்லை.

தமிழ்க் கிறிஸ்தவ வரலாறு இக்கேள்வியை முன்பே சந்தித்திருக்கிறது, மீசையில் அன்று, குடுமியில். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, மதம் மாறியவர் குடுமியையும் பூணூலையும் விட வேண்டியதில்லை என்றார். எதிர்ப்புக்குப் பின் 1623இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி அதை அனுமதித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீர்திருத்தச் சபை ஊழியர் பலர் குடுமியை உருவ வழிபாட்டின் எச்சம் என்று கூறி வெட்டச் சொன்னபோது, இடையன்குடியில் பணியாற்றிய ராபர்ட் கால்டுவெல் 1867இல் குடுமி பற்றித் தனி நூலே எழுதினார். குடுமி நாட்டு வழக்கம், சமயக் குறி அன்று. அதை வெட்டச் சொல்வது நற்செய்தியோடு ஐரோப்பியப் பழக்கத்தையும் சேர்த்துத் திணிப்பது என்பது அவர் வாதத்தின் சாரம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவர் முடி அலங்காரத்துக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கியது வீண் என்று அந்நாளில் சிலர் நினைத்திருக்கலாம். எது சமயம், எது ஊர்வழக்கம் என்று பிரித்தறிவது அவருக்கு இலக்கணத்துக்கு இணையான பணியாகப் பட்டிருக்கிறது.

மார்மன் சபையில் அத்தகைய நூல் எதையும் எழுத வேண்டிய தேவையே இல்லை. தாடித்தடை கோட்பாடு அன்று, காலத்தின் தேவை என்று சபையின் இன்றைய தலைவரே அரை நூற்றாண்டுக்கு முன் எழுதிவைத்திருக்கிறார்.

2018 ஏப்ரல் 1 அன்று பெங்களூரில் ஓர் ஆலயம் எழுப்பப்படும் என்று நெல்சன் அறிவித்தார். அம்மாதமே நகருக்கும் வந்துசென்றார். 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. இந்தியாவில் அச்சபையின் முதல் ஆலயம் அது. ஈராண்டு ஊழியம் முடித்து வீடு திரும்பும் இந்திய இளைஞன் விரும்பினால் அடுத்த வாரமே மீசை வளர்க்கத் தொடங்கலாம். தடுக்கும் விதி எதுவும் இல்லை. உள்ளூர்ச் சபையில் பொறுப்பு தேடி வரும் நாளில் அவன் அதை வைத்திருப்பானா மழிப்பானா என்பதை யூட்டாவின் எழுதாத வழக்கம் முடிவு செய்யுமா, சிவாஜிநகரின் வழக்கம் முடிவு செய்யுமா என்பது இன்னும் எழுதப்படாத வரலாறு.